கைபிடி முனிரத்தினம்

கூலிக்காரர் தெருமுனை வந்ததும் முனிரத்தினம் நின்று, காக்கிச் சட்டையைக் கழற்றி, அதில் குத்தியிருக்கும் பித்தளை வில்லை வெளியே தெரியாதபடி மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். மார்கழிப் பனியானாலும் சரி, வெற்று மார்போடுதான் தெருவுக்குள் நுழைவார். உத்தியோகச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உத்தியோகம் பார்க்கிற பஞ்சாயத்து போர்டு பியூன் வேறெங்கும் இருப்பாரா என்று தெரியவில்லை. இவருக்கு வேறு வழியில்லை.

எல்லாம் அந்தச் சட்டையின் பூர்வீகம். புத்தூர்ப் பக்கத்து இந்த ஊரில் வெகுகாலம் அவர் அம்மை குத்துகிறவருக்குத் துணையாள். திமிறுகிற பிள்ளையின் இடது கையை அசையாமல் பிடித்துக்கொள்வது அவர் வேலை. ஊர் வைத்த பெயர் 'கைபிடி'. குத்தினவர் முகம் எந்தப் பிள்ளைக்கும் நினைவில்லை. பிடித்தவர் மட்டும் கனவில்கூட வருவார். தெருவில் காக்கி தெரிந்தாலே தாய்மார்கள் பிள்ளையைத் தானியத் தொம்பைக்குள் இறக்கி மூடிவிட்டு, "ஊட்ல யாரும் இல்ல" என்பார்கள். உள்ளேயிருந்து தும்மல் கேட்கும்.

ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது அம்மை குத்துகிறவர் சென்னைப் பக்கமே வேலை கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். முனிரத்தினம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சமயத்தில்தான் போர்டு, நடவுக்கும் கல்லுடைக்கவும் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலெல்லாம் இலவசமாக வைத்துப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் திறந்தது. பலகையில் தெலுங்கில் 'சிசு விஹார்'. ஊர் வாயில் 'கொயந்த ஊடு'. கேழ்வரகுக் கூழ், பவுடர் பால், பார்த்துக்கொள்ள செங்கம்மா, எல்லாம் தயார். பிள்ளைகளை அழைத்துவர ஓர் ஆள்தான் வேண்டும். பிரசிடெண்ட் நாராயணசாமி நன்றாக யோசித்து, பிள்ளை பிடிப்பதில் அனுபவசாலி என்று முனிரத்தினத்தையே அனுப்பினார். இப்படியொரு யோசனை அவருக்குத்தான் வரும்.

முதல் நாள் தெருவே தொம்பைக்குள் இறங்கிவிட்டது. "கைய மட்டும் புட்ச்சிக்கினு இருந்தான், இப்ப ஆளையே தூக்கினு போறானாம்" என்று செய்தி முன்னாலேயே ஓடியிருந்தது. காய்ச்சிய கூழை அன்று செங்கம்மாவும் அவரும்தான் குடித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் சட்டை கழன்றது. அதுவும் பலிக்காமல், ஒரு நாள் நடுத்தெருவில் குந்தி, தன் இடது கையை நீட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டார். "எத்தினி பேர புட்ச்சிக்கினு குத்த வெச்சேன். இப்ப நீங்க வந்து குத்துங்க." வெகுநேரம் கழித்து ஒரு சின்னப் பெண் வேப்பங்குச்சியோடு வந்து லேசாகக் குத்தியது. அவர் போட்ட கூச்சலில் கூரைமேல் இருந்த காக்கை எல்லாம் பறந்தன. அன்று முதல் வாசலுக்கு வாசல் குத்து வாங்கிக்கொண்டு, பின்னால் பிள்ளைப் பட்டாளத்தோடு போவது வழக்கமாகிவிட்டது. கூச்சல் குறைந்தால் விடமாட்டார்கள். "இன்னும் நல்லா கத்து" என்று கட்டளை வரும். மனிதர் சந்தோஷமாகக் கத்துவார்.

கடைத்தெருவில் ஊர் ஆந்திராவுக்கா சென்னைக்கா என்று எந்நேரமும் வாதம் நடக்கும். அவரை இழுத்தால், "எந்தப் பக்கம் போனா இன்னா? கொயந்த அயுவுறது தெலுங்கா தமிளா? எனுக்கு ஜோலி கீது" என்று நழுவிவிடுவார்.

பொன்னியம்மா வாசலில் மட்டும் இந்த வித்தை செல்லவில்லை. நடவுக்குப் போகிறவள் அவள். மகன் கங்கையாவை வரப்பு மரத்துத் தூளியில் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்குவாள். அவன் ஒருமுறை கால்வாய்வரை தவழ்ந்துவிட்டான். அதிலிருந்து அவன் இடுப்பில் கயிறு கட்டி மரத்தோடு முடிந்துவிடுகிறாள்.

"கன்னுக்குட்டி மாதிரி கட்டி வெச்சிக்கிறியேம்மா" என்றார் முனிரத்தினம்.

"உன் கையில அவன் துட்ச்சத நான் பாத்துக்கினுதான இருந்தேன். ராவெல்லாம் ஜொரம். உன்னாண்ட உடமாட்டேன்."

ஆனாலும் தினமும் அந்த வாசலில் குந்திக் கையை நீட்டுவார். பையன் தாயின் முந்தானைக்குள்ளிருந்து பார்ப்பான், வரமாட்டான். கால்வாயில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்று கேட்ட நாளெல்லாம் முனிரத்தினத்துக்குச் சோறு இறங்காது.

போன வாரம் ஒரு காலையில் பொன்னியம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. "நேத்து முடிச்ச அவுத்துக்கினு பூட்டான் அண்ணா. தண்ணியாண்டதான் புட்ச்சேன்" என்றாள். அண்ணா என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

முனிரத்தினம் குந்திக் கையை நீட்டினார். அவள் பிள்ளையைக் கீழே இறக்கினாள். கங்கையா ஒரு துரும்பைப் பொறுக்கிக் குத்தினான். அவர் கத்தினார். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள், அவன் சிரிக்கவில்லை. குனிந்து, குத்திய இடத்தில் வாயைக் குவித்து ஊதினான்.

பனியில் பிள்ளையின் வெற்றுடம்பு நடுங்கியது. முனிரத்தினம் யோசிக்காமல் கக்கத்துச் சட்டையை உருவி உதறினார். வில்லை பளிச்சிட்டதும் பயந்துபோய் முதுகுக்குப் பின்னால் மறைத்தார். கங்கையா அவரைச் சுற்றிக்கொண்டு போய் அந்தச் சட்டையைப் பார்த்தான். பிறகு, மாட்டிவிடு என்பதுபோல், அம்மை குத்திய தழும்பு இருந்த இடது கையை அவரிடம் நீட்டினான்.