சுண்ணாம்பை மூடச் சொல்லும் புஷ்பம்

“அந்தச் சுண்ணாம்ப மூடுடி! கண்ணு கூசுது!”

காலைத் தேநீர் நேரம். எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கைப்பேசித் திரை வெள்ளை வெளேரென்று ஒளிர்கிறது. புஷ்பம் சுண்ணாம்பு என்பது அதைத்தான். அவளுடைய கைப்பேசியில் திரை முழுக்கக் கறுப்பு, எழுத்து மட்டும் வெள்ளை. அதைத் தேயிலைப் பெட்டியில் சாய்த்து வைத்துக்கொண்டு, பால் விடாத பிளேன்டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, தொடர்கதையை உரக்க வாசிக்க ஆரம்பிக்கிறாள். மாமியார் பேசும் இடம் வந்தால் மாமியாராகவே மாறிவிடுவாள். மேசையைச் சுற்றியிருக்கும் பெண்கள் வடையை வாயில் வைத்தபடி மெல்ல மறந்து கேட்பார்கள்.

இலங்கையில் கலவானைக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஸ்டோர் அது. தேயிலைத் தொழிற்சாலையை இங்கே ஸ்டோர் என்றுதான் சொல்கிறார்கள். இயந்திரம் எவ்வளவு சலித்தாலும் கறுப்புத் தூளில் வெளிறிய குச்சியும் நாரும் கொஞ்சம் தங்கிவிடும். அதைக் கையால் பொறுக்குவதுதான் புஷ்பத்தின் வேலை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் கோழி கொத்துவதுபோல் இறங்கும், ஒரு நாரைக் கவ்வும், இடது உள்ளங்கையில் போடும். கை நிறைந்ததும் மூடிக்கொண்டு போய் டின்னில் கொட்டுவாள். வருடக்கணக்கில் கொத்திக் கொத்தி விரல் நுனி தடித்து மரத்துவிட்டது. “வெரலுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. கண்ணு காட்டும், வெரலு எடுக்கும். அம்புட்டுத்தான்” என்பாள். இரண்டு இருக்கை தள்ளி அவளுடைய மகள் சுமித்ராவும் பொறுக்குகிறாள். அம்மாவின் பாதி வேகம்கூட அவளுக்கு வராது.

கைப்பேசியைக் கறுப்பாக்கிக் கொடுத்தவள் சுமித்ராதான். கண் கூசுகிறது என்று அம்மா முனகிக்கொண்டே இருந்தாளே என்று ஒரு நாள் மாற்றிவிட்டாள். மாற்றினாளோ இல்லையோ, பிடித்தது பைத்தியம்! “இதப் பாருடி, தூள்ல நாரு கெடக்குற மாதிரியே எழுத்து கெடக்கு! சும்மா பொறுக்கிக்கிட்டே போகலாம்!” அன்றிலிருந்து வெள்ளைத் தாள் எதையும் புஷ்பம் தொடுவதில்லை. பத்திரிகை வந்தால் சுமித்ரா அதைப் படம் பிடித்து, நிறத்தைத் தலைகீழாக்கி, கறுப்பாகக் கொடுக்க வேண்டும். லயத்து வரிசை வீடுகளின் பெண்களிடம் பிரசாரம் வேறு. “வெள்ளையில வாசிச்சா கண்ணு கெட்டுப்போகும். கறுப்புலதான் எழுத்து நிக்கும். என்னையப் பாருங்க, கண்ணாடி போட்டிருக்கேனா?”

சுமித்ராவின் கல்யாணப் பத்திரிகைக்கு டவுனுக்குப் போனபோது நடந்த கூத்து இன்னும் பேசப்படுகிறது. அச்சகம் வைத்திருக்கும் கபூர் நானா விதவிதமான மாதிரிகளை எடுத்துப் பரப்பினார். மஞ்சள், சிவப்பு, ரோஸ். புஷ்பம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, “கறுப்புல போடுங்க. எழுத்து வெள்ளையா இருக்கட்டும்” என்றாள். கபூர் நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, “இது கலியாணக் காட் தானே? மௌத்துக்கு அடிக்கிற மாதிரி ஈக்குமே!” என்றார். சாவு அறிவித்தல் நிறத்தில் கல்யாணப் பத்திரிகையா என்று மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ஆடிப்போய்விட்டார்கள். கடைசியில் வழக்கம்போல மஞ்சளில்தான் அடித்தார்கள். தன் மகளின் கல்யாணப் பத்திரிகையைப் புஷ்பம் கடைசிவரை வாசிக்கவே இல்லை.

இன்னொன்று. இந்த வீட்டில் அரிசியில் கல் பார்ப்பது சுமித்ராதான். புஷ்பம் பார்த்துப் போட்டால் சோற்றில் கட்டாயம் கல் கடிபடும். கறுப்புத் தூளில் மயிரிழை போன்ற நாரைக் கண்டுபிடிப்பவளுக்கு வெள்ளை அரிசியில் கறுப்புக் கல் தெரியாதா? “ஒங்க அம்மாவுக்குக் கொழுப்பு, வேலைக்குக் கள்ளம்” என்று வீட்டோடு இருக்கும் மருமகன் சுமித்ராவிடம் கிண்டல் செய்வான். புஷ்பமும் சேர்ந்து சிரிப்பாள். யாருக்காவது ஒரு நிமிடம் பொறி தட்டியிருக்கக் கூடாதா? தட்டவில்லை. சிரித்தார்கள், கல்லைத் துப்பினார்கள், சாப்பிட்டார்கள்.

சென்ற மாதம், பொறுக்கும் மேசையில் இருப்பவர்கள் எல்லாருக்கும் கண் பரிசோதனை என்று ஸ்டோரை நடத்தும் டீ மேக்கர் ஐயா சொல்லிவிட்டார். கண் சரியில்லாதவர்களுக்கு மேசையில் இடம் இல்லை, மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக வேண்டும். மழையும் அட்டையும் வழுக்குப் பாறையுமான மலை அது. மற்றவர்கள் முகம் சுண்டிப் போனது. புஷ்பம் மட்டும் தெம்பாக இருந்தாள். “நம்ம கண்ணு கழுகுக் கண்ணுடி!”

வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் பரிசோதனை. கண் பார்க்க டவுனிலிருந்து வந்திருந்த சிங்கள மிஸ், பார்த்தால் சுமித்ராவின் வயதுதான் இருக்கும், திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் வெள்ளை அட்டையைத் தொங்கவிட்டிருந்தாள். மழை விட்டு வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. அட்டையின் உச்சியில் கை அகலத்துக்கு ஓர் எழுத்து, கீழே போகப் போகச் சிறிது சிறிதாக மற்றவை. புஷ்பத்தின் முறை வந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள், சேலையைச் சரி செய்தாள். மிஸ் குச்சியால் மேல் எழுத்தைத் தொட்டுக்காட்டினாள். புஷ்பம் குச்சி நுனியைப் பார்த்தாள். மிஸ் மறுபடி தட்டினாள்.

“எழுத்த எப்ப மிஸ் ஒட்டுவீங்க?” என்று கேட்டாள் புஷ்பம்.

ஐயோ, அந்தச் சிரிப்பு! வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புஷ்பம் பகிடி விடுகிறாள் என்று நினைத்தார்கள். அவள் முகத்தில் பகிடி இல்லை. உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தாள். ஒவ்வொருத்தியாகச் சிரிப்பை நிறுத்தினார்கள். சுமித்ரா வாசலில் நின்றபடி அட்டையைப் பார்த்தாள். வாசலிலிருந்தே அவளுக்கு அந்தப் பெரிய எழுத்து தெரிகிறது, அம்மாவுக்குத் தெரியவில்லை!

ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வருமா? ஓடிப்போய் அட்டையைப் படம் பிடித்தாள், நிறத்தைத் தலைகீழாக்கினாள், கறுப்பாகிவிட்ட அட்டையை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். புஷ்பம் கடகடவென்று நாலு வரி வாசித்தாள். “பாத்தீங்களா மிஸ்? வெள்ளையில வச்சா யாருக்குத் தெரியும்? அட்டைய மாத்துங்க!” பெண்கள் கைதட்டினார்கள். சுமித்ராவுக்கு மூச்சு வந்தது.

மிஸ் கைதட்டவில்லை. சின்ன டோர்ச்சை எடுத்துப் புஷ்பத்தின் இடது கண்ணில் அடித்தாள், வலது கண்ணில் அடித்தாள். “அனே அம்மே...” என்று ஐயோ பாவமாகச் சிங்களத்தில் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். பிறகு சுமித்ரா பக்கம் திரும்பி, “ரெண்டு கண்லயும் புரை. வெள்ளைய பாத்தா வெளிச்சம் கண்ணுக்குள்ள கூடுதலா போகுது, புரையில பட்டு எல்லாப் பக்கமும் சிதறுது, அதுல எழுத்து காணாம போகுது. கறுப்புல வெளிச்சம் கொஞ்சம்தானே, அதனாலதான் இன்னும் தெரியுது” என்றாள். வேலை கறுப்பு, போன் கறுப்பு. கண் மங்குவதை அம்மாவும் அறியவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மகளும் அறியவில்லை. கடவுளே, இப்படியும் ஒரு மறைவு உண்டா!

இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். புரையை எடுத்து வில்லை வைத்தால் பார்வை வரும் என்று டாக்டர் சொன்னார். ரொம்ப முற்ற விடக்கூடாது என்றும் சொன்னார். இந்தச் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். டீ மேக்கர் ஐயாவும் நல்ல மனிதர்தான். “ஒங்க எடத்துல ஆளப் போடமாட்டேன் புஷ்பம். கண்ணச் சரி பண்ணிட்டு வாங்க” என்றார்.

ஆனால் புஷ்பம் போக மாட்டேன் என்கிறாள். கண்ணில் கத்தி வைப்பதா? “கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. வெள்ளையப் பாத்துப் பழக்கம் விட்டுப்போச்சு. பழகிக்கிட்டா சரியாயிரும்.” சுமித்ரா கெஞ்சினாள், திட்டினாள், அழுதும் பார்த்தாள். மசியவில்லை. முந்தாநாள் புஷ்பமே ஒரு பந்தயம் வைத்தாள். வெள்ளைத் தாளில் அஞ்சு தேயிலைத்தூள் போட வேண்டும். அஞ்சையும் பொறுக்கிவிட்டால் ஆஸ்பத்திரிப் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது.

“பொறுக்கலைன்னா?”

“பொறுக்கலைன்னா எங்க கூப்புட்டாலும் வாரேன். போதுமா?”

கொப்பியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து, வாசல் வெளிச்சத்தில் பலகை மேல் விரித்தாள் சுமித்ரா. பெரிய தூளாகப் பார்த்து அஞ்சு எடுத்து, ஒன்றுக்கொன்று தள்ளிப் போட்டாள். அவள் கண்ணுக்கு அவை எறும்புபோலப் பளிச்சென்று தெரிந்தன. அம்மா ஜெயித்துவிடக் கூடாதே என்று இருந்தது. தோற்கக் கூடாதே என்றும் இருந்தது.

புஷ்பம் குனிந்தாள். “மசமசன்னு இருந்தாலும் தெரியுதுடி. நீ சும்மா பயந்த” என்றாள். விரல்கள் பழையபடி கோழி கொத்துவதுபோல் இறங்கின. ஒரு கொத்து. உள்ளங்கையில் போட்டாள். அடுத்தது. அதையும் போட்டாள். அதே வேகம், அதே லாவகம். மேசையில் பார்த்துப் பார்த்துச் சுமித்ரா ஆசைப்பட்ட அந்தக் கை. சுமித்ரா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள்.

அஞ்சாவது கொத்தையும் கொத்திப் போட்டுவிட்டுப் புஷ்பம் நிமிர்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. தாளில் அஞ்சு தூளும் போட்ட இடத்திலேயே கிடந்தன. ஒன்றும் சிந்திவிடாதபடி இடது கையை இறுக்கி மூடி, மகளிடம் நீட்டினாள்.

“இந்தா, எண்ணிக்க.”