சிட்டம்மா காலில் விழுந்த காரணம்

ராசிங்காபுரத்துப் பெரியம்மாள், புருசனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த மறுவருசம் ஏலமலைக்கு வேலைக்கு ஏறினாள். வாய்த்துடுக்குக்காரி என்று ஊரில் பெயர் வாங்கியவள். மலையில் அந்த வாய்க்கு வேறு சோலி கிடைத்தது. காய் பறிக்கும் பெண்களுக்கு அலுப்புத் தெரியாமல் இருக்கப் பாட்டுக் கட்டினாள். அதில் சிட்டம்மா என்று ஒருத்தியைப் பிறக்க வைத்தாள். ஊருக்குத் திரும்ப நினைத்த கூலியாட்களைக் கங்காணி ஒரு கொட்டகையில் அடைத்துப் பூட்டுகிறான். சிட்டம்மா மட்டும் தப்பிக் காட்டுக்குள் போகிறாள். பெரியம்மாள் கட்டியது அவ்வளவுதான்.

கதை அவளோடு நிற்கவில்லை. மலையடிவாரத்துக் குரங்கணிப் பெண்கள் சிட்டம்மாவுக்கு ஒரு அண்ணனைக் கொடுத்தார்கள். தோல்பாவைக் கூத்து நடத்தும் பிச்சைமணி ஆட்டுத்தோலில் அவளுக்கு உருவம் வெட்டி, போடிமெட்டுக் காவல்காரனை ஏமாற்றிக் கணவாய் இறங்க வைத்தான். கூத்தைப் பார்த்துவிட்டு மலையேறியவர்கள், கணவாய்க்குக் கீழே அவளுக்கு என்ன நேர்ந்தது என்று ஏலக்காட்டில் பாடினார்கள். யாரும் பேசி வைத்துக்கொள்ளாமலே ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒருத்தர் சொன்னதை அடுத்தவர் அழிக்கக் கூடாது. அதன் மேல்தான் கட்ட வேண்டும்.

தோட்டத்துக் கங்காணி சின்னமுத்துவுக்கு இந்தப் பாட்டு ஆகவில்லை. அதட்டிப் பார்த்தார், வாய்கள் அடங்கவில்லை. போடியில் நாடகம் போடும் உக்கிரபாண்டி வாத்தியாரைப் பிடித்தார். திருவிழாவுக்குச் சிட்டம்மா நாடகம் என்று தமுக்கு அடித்தார்கள். பெரியம்மாளும் அவள் கூட்டாளி மொக்கம்மாளும் மலையிறங்கி வந்து முன்னால் இடம் பிடித்தார்கள்.

சிட்டம்மா வேசம் கட்டியவன் நன்றாகத்தான் பாடினான். ஆனால் கடைசியில், பசி தாங்காமல் தோட்டத்துக்குத் திரும்பிய சிட்டம்மா கங்காணியின் காலில் விழுந்தாள். அதோடு திரை இறங்கியது.

பெரியம்மாளுக்குப் பெற்ற மகளை நாலு பேர் பார்க்க மண்டியிட வைத்தது போல இருந்தது.

"அவ விழவே இல்லேன்னு சொல்லுத்தா. நீ கட்டுன பாட்டுதான," என்றாள் மொக்கம்மாள்.

"இத்தன பேரு கண்ணால பாத்தத இல்லேன்னா, நாளைக்கு நம்ம பாட்டையும் இல்லேம்பாக," என்று சொல்லிவிட்டுப் பெரியம்மாள் எழுந்தாள்.

பக்கத்தில் இருந்த சின்னமுத்து திரும்பினார். "உக்காரு. கதை முடிஞ்சுபோச்சு."

"முடியலங்கய்யா. அவ விழுந்தது நெசந்தான். எதுக்கு விழுந்தான்னு நான் சொல்றேன்."

அடித்தொண்டையில் எடுத்துப் பாடினாள். காலடியில் ஒருத்தி கிடக்கிற பெருமையில் கங்காணி மீசையை முறுக்குகிறான். அவன் மடியில் செருகியிருந்த கொட்டகைச் சாவி சிட்டம்மாவின் கைக்கு வருகிறது. அவள் எழுகிறாள், கொட்டகை திறக்கிறது. கலையப் பார்த்த கூட்டம் நின்றது. இரண்டாவது அடியிலேயே பின்னால் இருந்த பெண்கள் சேர்ந்துகொண்டார்கள்.

"இனி மலைப்பக்கம் வந்துறாத," என்றார் சின்னமுத்து.

"ஒங்க தோட்டத்தோட மலை தீந்துபோச்சாக்கும்," என்றாள் பெரியம்மாள்.

அந்தப் பேச்சுக்கு விலை இருந்தது. பக்கத்துத் தோட்டங்களும் அவளைச் சேர்க்கவில்லை. விறகு சுமந்து விற்றாள். பல நாள் கூழைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்தாள். மன்னிப்புக் கேட்டால் சேர்த்துக்கொள்வதாகச் சின்னமுத்துவிடமிருந்து ஆள் வந்தது. "ஒருத்திய விழ வச்சது போதாதாமா," என்று கேட்டு அனுப்பினாள். மழை விட்டபின் குரங்கணிப் பெண்கள் சொல்லி, அங்கே காப்பித் தோட்டத்தில் வேலை கிடைத்தது.

அதற்குள் பிச்சைமணியின் பாவை கையில் சாவியோடு ஊர் ஊராய்ப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த திருவிழாவில் உக்கிரபாண்டி அதே நாடகத்தைப் போட்டார். சிட்டம்மா காலில் விழுந்ததும் கூட்டம், "சாவிய எடு, சாவிய எடு" என்று கத்தத் தொடங்கியது. விழுந்தவன் எழத் தெரியாமல் கிடந்தான். பிறகு கங்காணி வேசக்காரனின் மடியில் கைவிட்டான். கிடைத்தது மூக்குப்பொடி டப்பிதான். அதையே உயர்த்திக் காட்டினான். நாடகப் பந்தல் அதிர்ந்தது. சின்னமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

மறுநாள் உக்கிரபாண்டி குரங்கணிக்கே வந்துவிட்டார். "ஏத்தா, கொட்டகையத் தொறந்தாச்சு. உள்ள இருந்தவுகள இனி எங்க கொண்டுபோறது?"

பெரியம்மாள் கூடையை இறக்காமலே பதில் சொன்னாள். "மறுபடி பூட்டாம எங்க வேணும்னாலும் கொண்டுபோங்க. அதுக்கு மேல நாங்க பாத்துக்கிடுறோம்."