முப்பத்துநாலு பல்

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, ஒரு கையால் பெடலைச் சுற்றியபடி பின்சக்கரத்துப் பல்வட்டுகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார் மருந்துக்கடை அக்கா. அடுப்பில் பால் பொங்கினால் அது வீட்டுக்காரரின் தலைவலி.

வாரமெல்லாம் மாத்திரை கொடுக்கிறவருக்கு ஞாயிறு வந்தால் மலைச்சாலைப் பந்தயம். நாற்பதுக்கு மேல் பிடித்த பைத்தியம் என்பார் தம்பி. அவருக்கும் அதே பைத்தியம்தான்.

பந்தயத்துக்கு முன்பே ஒருமுறை அந்த ஏற்றத்துக்குத் தனியாகப் போய்விடுவார். இருப்பதிலேயே செங்குத்தான இடத்தில் மிதித்துக்கொண்டே வீட்டு முகவரியைச் சத்தமாகச் சொல்வார். கதவு எண், தெரு என்று போய் ஊர்ப் பெயர் வருவதற்குள் மூச்சு முட்டினால், மிதிக்க இலகுவாக இன்னும் பெரிய பல்வட்டு வேண்டும் என்று அர்த்தம். எதிரே வரும் லாரிக்காரர்கள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இந்தமுறை தெருவையே தாண்டவில்லை. இருபத்தெட்டுப் பல் வட்டைக் கழற்றிவிட்டு முப்பத்துநாலு பல் வட்டை மாட்டினார். தம்பிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்னக்கா, சாப்பாட்டுத் தட்ட மாட்டி வச்சிருக்க? சமவெளில கியருக்குக் கியர் இடைவெளி விழும். கூட்டம் உன்ன விட்டுட்டுப் போயிடும்."

"போகட்டும். மலை அங்கயேதான இருக்கும்?"

"எங்க ஆம்பளைங்க பந்தயத்துல யாரும் இதப் போட மாட்டாங்க."

"அது அவங்க முட்டி. இது என்னோடது."

பந்தயத்தன்று தம்பி சொன்னது பலித்தது. சமவெளியில் காலுக்குத் தோதான கியர் சிக்காமல் அக்கா பின்தங்கினார். கூட்டம் கண்ணைவிட்டு மறைந்தது. ஏற்றம் தொடங்கியதும் சங்கிலியைப் பெரிய வட்டுக்கு ஏற்றி, இருக்கையில் உட்கார்ந்தபடியே மிதித்தார். எழுந்து நின்று சைக்கிளை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கைக்கெட்டினார்கள். யாரையும் திரும்பிப் பார்க்காமல் தாண்டினார். கடைசி வளைவில், முன்னதாகக் கிளம்பிய ஆண்கள் பந்தயத்திலிருந்து ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். தம்பிதான்.

"என்னடா ஆச்சு?"

"முட்டி போச்சு. நீ நிக்காத, போக்கா, போ."

பெண்களில் இரண்டாவதாக வந்தார். "பதக்கத்தக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்கம்மா" என்றார் புகைப்படக்காரர். அக்கா சைக்கிளை வட்டமடித்துத் திருப்பினார். சங்கிலி இருக்கும் பக்கம் கேமராவைப் பார்க்கும்படி நிறுத்திவிட்டு, பின்சக்கரத்தை மறைத்த தன் காலை மெல்ல ஒதுக்கிக்கொண்டார்.