ஐந்தாவது பெயர்

என் தங்கை ஆர்டித் எதையும் பாதியில் விட்டவள் அல்ல. நான் பத்தாம் வகுப்போடு நின்று அப்பாவின் மாடுகளோடு சேர்ந்துகொண்டேன். அவள் படிப்பை முடித்தாள். பிறகு அதே பள்ளியின் சமையலறையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தாள். எங்கள் ஊரில் நாற்பது வயதுக்குட்பட்டவர் எவரும் அவள் கையால் சாப்பிட்டவர்தான்.

கட்சிக்கும் அப்படித்தான் உழைத்தாள். இருபத்திரண்டு வருடமாகக் கட்சிக் கூட்டம் எதுவானாலும், நூறு கோப்பை பிடிக்கும் அவளுடைய காபி பாய்லர் எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். மாவட்டத் தலைவர் ராய்ஸ் பெல்மன் மேடையில் பேசுவார். ஆர்டித் பின்னால் நாற்காலி மடிப்பாள். ராய்ஸின் மனைவியை அடக்கம் செய்த அன்று தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் இருநூறு பேருக்கு ரொட்டியும் இறைச்சியும் அடுக்கியவளும் அவள்தான்.

அந்த அதிபர் தேர்தலில்தான் முதல்முறையாக ஒரு வேட்பாளருக்காக வீடு வீடாகப் போனாள். ஹாலிஸ்டர் என்பவர். ரயில் ஓட்டியவர், பிறகு ஒரு சின்ன ஊருக்கு மேயர். கட்சி தன்னை நிறுத்த வேண்டும் என்று அமெரிக்காவின் எங்கள் அயோவா மாநிலம் முழுக்கச் சுற்றினார். கட்சியின் பெரிய தலைகள் எல்லாம் அவரோடு போட்டியிட்ட ஒரு செனட்டர் பக்கம். ஹாலிஸ்டரோ எங்கள் மாட்டுக் கொட்டகையில் நின்று பால் விலையைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார். ஆர்டித்துக்கு அது போதுமாக இருந்தது.

யாரை நிறுத்துவது என்று முடிவு செய்ய, பிப்ரவரியில் ஊர்க் கட்சிக்காரர்கள் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் கூடினோம். எங்கள் வழக்கத்தில் வாக்குச் சீட்டு கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை; போய் நிற்க வேண்டும், தலையை எண்ணுவார்கள். தெரிந்தவர்கள் பார்த்திருக்க எதிர் மூலைக்கு நடப்பது லேசான காரியமில்லை. ஆர்டித் நடந்தாள்.

"என்ன ஆர்டித், வழி தவறிட்டியா? காபி இந்தப் பக்கம்ல இருக்கு?" என்றார் ராய்ஸ்.

"காபி எல்லாருக்கும்தான், ராய்ஸ். காலு மட்டும் என்னோடது."

ஊர் ஊராக நடந்த அந்தக் கூட்டங்களின் முடிவில், மார்ச் மாத மாவட்ட மாநாட்டுக்கு ஹாலிஸ்டருக்காக எங்கள் பக்கம் நாற்பத்தாறு பிரதிநிதிகள், செனட்டர் பக்கம் நாற்பத்தொன்று. நானும் ஒரு பிரதிநிதி. அங்கிருந்து ஒன்பது பேர் மாநில மாநாட்டுக்குப் போவார்கள். எங்கள் தலைக்கணக்குப்படி ஐந்து இடம் எங்களுக்கு, நான்கு அவர்களுக்கு. ஐந்து பேர் பட்டியலை ஆர்டித் எழுதினாள். தன் பெயரைக் கடைசியில் போட்டாள்.

"ஊரைக் கூட்டினது நீ. முதல்ல போட வேண்டியதுதானே?" என்றேன்.

"சமைச்சவ கடைசியாத்தான் சாப்பிடணும், வெர்லின்."

மாவட்ட மாநாடும் அதே பள்ளியில்தான், ஒரு சனிக்கிழமை. அன்றைய நேரங்களை என் சட்டைப்பைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். காலை பத்து பத்துக்கு ராய்ஸ் பதினாறு பக்க விதிமுறையைக் கையில் தூக்கிக் காட்டி, ஏற்கிறீர்களா என்றார். யாரும் படித்திருக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒருவர் முகத்துக்கு நேரே மறுத்துப் பேச வராது. எல்லாரும் "ஆமாம்" என்றோம். ஆர்டித்தின் குரல் எல்லாருக்கும் முந்திக்கொண்டு கணீரென்று கேட்டது.

பிறகு பேச்சு, பேச்சு, பேச்சு. இரண்டு ஐம்பதுக்குத்தான் தலை எண்ணினார்கள். நாற்பத்தாறு, நாற்பத்தொன்று. அதோடு முடியவில்லை, இன்னும் ஏதோ அறிக்கை வாசிக்க வேண்டுமாம். எங்களில் பதினோரு பேர் பால்மாட்டுக்காரர்கள். நான்கு மணிக்குக் கறவை. ஒவ்வொருவராகக் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தோம். செனட்டர் பக்கத்தில் வக்கீல்களும் ஓய்வு பெற்றவர்களும்தான். அவர்களுக்கு எந்த மாடும் காத்திருக்கவில்லை.

"யாரும் எழுந்திரிக்காதீங்க" என்றாள் ஆர்டித்.

ராய்ஸ் மேடையை விட்டு இறங்கி வந்தார். "ஏம்மா அவங்களைப் பிடிச்சு வச்சிருக்கே? எண்ணியாச்சு. இனிமே காகித வேலைதான். மடி கட்டி மாடு கத்தப் போவுது, அனுப்பி வை. நான் இருக்கேன்ல?"

"நெசமாவா, ராய்ஸ்?"

"உங்கிட்ட என்னைக்காவது பொய் சொல்லியிருக்கேனா?"

சொன்னதில்லை. அவள் எங்களைப் போகச் சொன்னாள். மூன்று இருபதுக்குப் பதினோரு பேரும் கிளம்பினோம்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. உள்ளே இருந்த மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டுச் சரிபார்த்து எழுதுகிறேன். நான்கு இருபதுக்கு ராய்ஸ் பதினோராம் பக்கத்தை வாசித்தார்: மாநிலத்துக்குப் பெயர் அனுப்புமுன் கடைசியாக ஒருமுறை எண்ண வேண்டும்; காலி நாற்காலிகளில், எந்தப் பக்கத்தவரானாலும், பெயர் பதிவு செய்த வரிசையில் மாற்றுப் பிரதிநிதிகள் உட்காரலாம். பக்கத்திலிருந்த பள்ளி நூலகத்தின் கதவு திறந்தது. பதினோரு பேர் வந்து உட்கார்ந்தார்கள், பதினோரு பேரும் செனட்டரின் ஆட்கள். மதியத்திலிருந்து அங்கே இருந்தவர்கள். இரண்டு மணிக்கு அவர்களுக்குக் காபி கொண்டுபோனவள் ஆர்டித். எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "சும்மா, ஒத்தாசைக்கு" என்றார்களாம்.

அவள் எழுந்து நின்றாள். "எண்ணியாச்சுன்னு சொன்னீங்களே, ராய்ஸ்."

"அது முதல் எண்ணிக்கை. விதியில இருக்கு, ஆர்டித். காலைல நீயும்தானே ஆமான்னு சொன்னே? உன் குரல்தான் முதல்ல கேட்டுச்சு."

சிலர் சிரித்தார்கள். முப்பத்தைந்துக்கு ஐம்பத்திரண்டு. ஐந்து இடம் நான்காயிற்று. பட்டியலில் ஐந்தாவது பெயரை அடித்தார்கள்.

கறவை முடித்து ஆறு மணிக்கு அவளை அழைக்கப் போனேன். சமையலறையில் பாய்லரைக் கழுவிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். அழவில்லை. ராய்ஸ் உள்ளே வந்தார்.

"மனசுல வச்சுக்காதே. மேலிடத்துல சொல்லிட்டாங்க, நான் என்ன பண்றது? மாநில மாநாட்டுக்கு நீ கட்டாயம் வரணும். விருந்தினர் அட்டை நான் வாங்கித் தர்றேன். காபி மேசைக்கு உன்னை மாதிரி ஆளு வேணும்."

"மேலிடத்துல எப்போ சொன்னாங்க?"

"வியாழக்கிழமை."

"வெள்ளிக்கிழமை எங்க வீட்டுல உக்காந்து ரெண்டு தரம் கேட்டு வாங்கி ஆப்பிள் பை சாப்பிட்டீங்க."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மிஸ்டர் பெல்மன், அந்தக் கதவைக் கொஞ்சம் பிடிங்க. பாய்லர் கனமா இருக்கு."

இருபத்திரண்டு வருடமாக ராய்ஸ் என்று கூப்பிட்டவள். அவர் கதவைப் பிடித்தார். நான் ஒரு கைப்பிடி, அவள் ஒரு கைப்பிடி. தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

வண்டியில் அந்தப் பதினாறு பக்கத்தையும் முதலிலிருந்து படித்தாள். அவள் வீட்டு வாசலில் நிறுத்தியதும் இறங்கவில்லை. போனை எடுத்தாள்.

"டுவைன், ஆர்டித் பேசறேன். மாடெல்லாம் கறந்தாச்சா? நல்லது. ஒண்ணு சொல்லணும். நாம தோத்துட்டோம். உங்களைப் போகச் சொன்னது நான்தான். தப்பு என்னோடது."

அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. யார் மேலும் பழி போடவில்லை. கறவைக்குப் போனவர்களில் என்னைத் தவிர மற்ற பத்துப் பேரிடமும் பேசி முடித்துப் போனை மடியில் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"வெர்லின், மாடெல்லாம் கறந்தாச்சா?" என்றாள்.