கோயிலைச் சுற்றாமல் வீட்டுக்கு வரும் வழி

இதை எழுத வேண்டும் என்று நினைத்த நாளிலிருந்து எத்தனையோ மார்கழி வந்து போய்விட்டது. பெருமாள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து பேனாவைத் திறப்பேன், மூடிவிடுவேன். எட்டாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து சுலபமாக வராது. அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. எழுதி முடிப்பதற்குள் தம்பி வந்து வாசலில் நின்றுவிட்டால் எழுதவே வேண்டாமே என்று இருந்தேன். எழுத உட்கார்ந்தால், அவன் வரமாட்டான் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். அந்தப் பயம் இப்போதும் போகவில்லை. பயத்தோடுதான் எழுதுகிறேன்.

எனக்கு ஒரே தம்பி. கல்கத்தா ரோட்டில் லாரி ஓட்டினான். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி ஏற்றிக்கொண்டு ஒரிசா பக்கம் போவான். புது ஊரானாலும் போனில் மேப் பார்த்தே போய்விடுவான், யாரையும் வழி கேட்க மாட்டான்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஊர் பஜனை கோயிலைப் பார்த்துக்கொண்டவர் அவர். பெரிய கோயில் இல்லை. ஓடு போட்ட ஒரு அறை, உள்ளே ராமர் பட்டாபிஷேகப் படம், வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு கல் விளக்குத் தூண். மார்கழி விடியற்காலையில் அங்கே கூடி, ஜால்ரா தட்டிப் பாடிக்கொண்டு தெருக்களைச் சுற்றி வருவோம். தம்பி ஊரில் இருந்தால் விளக்கெடுத்து முன்னால் போவது அவன்தான்.

லாரியிலிருந்து இறங்கி வருகிறவனுக்கு நைனா ஒரு சட்டம் வைத்திருந்தார். வழியில் எதைத் தின்றானோ, எங்கே படுத்தானோ. முதலில் குட்டையில் காலைக் கழுவி, கோயிலை வலம் வந்து, அதற்கப்புறம்தான் வீட்டு வாசற்படி. தம்பி சிரித்துக்கொண்டே செய்வான். "இது பெருமாள் செக்போஸ்ட்டு அண்ணி, பேப்பரு கரெக்டா இருந்தாத்தான் சோறு" என்பான் என் மனைவியிடம்.

கடைசியாக வந்தபோது அவனுக்குக் காய்ச்சல். நேராக வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். நைனா வெளியிலிருந்து வந்து பார்த்தார்.

"சுத்தாம எவன்டா உன்ன உள்ள உட்டது?"

காய்ச்சல் என்று நைனாவுக்குத் தெரியாது. அவனும் சொல்லவில்லை. எழுந்து செருப்பை மாட்டினான். கோயில் பக்கம்தான் போகிறான் என்று நாங்கள் நினைத்தோம். ரோட்டுப் பக்கம் போனான். என் மனைவி அவனுக்காக வைத்த கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும்போதே லாரி கிளம்பிய சத்தம் கேட்டது.

அப்புறமும் போன் செய்தான். என்னோடு பேசுவான், அண்ணியோடு பேசுவான், நைனா இருமும் சத்தம் கேட்டால் வைத்துவிடுவான். வீட்டில் இருந்தது ஒரே போன். ஊருக்குள் வெள்ளம் வந்த வருஷம் அது தண்ணீரோடு போயிற்று. சிம் கார்டு யார் பேரிலோ கடைக்காரர் வாங்கிக் கொடுத்தது, அதே நம்பர் திரும்பக் கிடைக்கவில்லை. அவன் நம்பரும் அந்தப் போனுக்குள்ளேயே இருந்தது. வெள்ளம் வடிந்த கொஞ்ச காலத்தில் ஊரையே தொழிற்பேட்டைக்கு எடுத்துக்கொண்டு, ரோட்டுக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு மனை பிரித்துக் கொடுத்தார்கள். படத்தையும் விளக்குத் தூணையும் டிராக்டரில் ஏற்றி வந்தோம். நடுவில் பஜனை கோயில், அதைச் சுற்றி நாலு தெரு என்று காலனி அமைந்தது.

தம்பி திரும்பி வந்தால் பழைய வீடு இருந்த இடத்தில் காம்பவுண்டுச் சுவர்தான் நிற்கும். புதுவாயலில் லாரி நிற்கும் இடமெல்லாம் விசாரித்தேன். அவன் ஓட்டிய வண்டியை முதலாளி விற்றுவிட்டார் என்றார்கள். விஜயவாடாவில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அது அவன்தானா என்று கேட்டால் அவருக்கே சந்தேகம்.

புது வீட்டில் நைனா ரொம்ப நாள் இருக்கவில்லை. கட்டிலை வாசலுக்கு நேரே போடச் சொல்லி ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். முடியாமல் போன ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் வந்தா நேரா ஊட்டுக்கு வரச் சொல்லு. சுத்தறதெல்லாம் அப்பறம் சுத்திக்கலாம். மொதல்ல சாப்டட்டும்."

அவ்வளவுதான் சொன்னார். பெருமாள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டார். அந்த வார்த்தை என்னிடம் தங்கிவிட்டது. கொடுக்க வேண்டியவன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை.

நான் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறேன். அங்கே கணக்குப் பிரிவில் இருக்கும் கடம்பத்தூர் அம்மா ஒருநாள் கேன்டீன் சுவரில் வெள்ளம் விட்டுப்போன கறையை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். பெயின்ட் அடிக்கப் போகிறார்களா என்று கேட்டேன். இல்லை, மேப்பில் ஏற்ற என்றார். வெள்ளத்தின்போது படகோடு வந்தவர்கள் எந்தத் தெரு எங்கே போகிறது என்று தெரியாமல் தவித்துப்போனார்களாம். அதனால் சிலர் சேர்ந்து, லீவு நாளில் ஊர் ஊராகப் போய், தெரு, ஏரி, குட்டை, தண்ணீர் ஏறிய உயரம் எல்லாவற்றையும் ஒரு பொது மேப்பில் குறிக்கிறார்களாம். யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

எங்கள் காலனியைக் காட்டச் சொன்னேன். வெறும் நிலமாக இருந்தது. விரலை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நகர்த்தினார். அங்கே எங்கள் பழைய ஊர் பேரோடு, தெருவோடு, குட்டையோடு அப்படியே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பி தேடினால் மேப் அவனை அங்கேதான் கூட்டிப்போகும், சுவரில் கொண்டுபோய் நிறுத்தும்.

ஊர் இங்கே மாறிவிட்டது என்று அந்த இடத்தில் ஒரு வரி எழுத முடியுமா என்று கேட்டேன்.

"மேப்ல சேதி எழுதக் கூடாது அண்ணா. இன்னிக்குத் தரையில இன்னா இருக்குதோ அத மட்டும்தான் போடணும்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அங்க இப்ப ஊடு எதுனா இருக்குதா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அவர் உடனே அழிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, முதலில் புதுசைப் போடுவோம், பழசை அப்புறம் எடுக்கலாம் என்றார். பஜனை கோயிலை அதே பேரில் புது இடத்தில் வைக்கலாம், அதில் ஒரு தப்பும் இல்லை என்றும் சொன்னார். எனக்கு அது போதும். தம்பி எதைத் தேடாவிட்டாலும் பஜனை கோயிலைத் தேடுவான்.

போனை ஆன் செய்துகொண்டு நடந்தால் போகிற வழியெல்லாம் கோடாக விழும். அந்தக் கோட்டை வைத்து வேறு ஏதோ ஊரில் இருக்கும் ஒருவர் தெருவை வரைவார். அதுவும் சம்பளமில்லாத வேலைதான். அப்போது மார்கழி. நாங்கள் எப்படியும் தினம் தெருவைச் சுற்றுகிறவர்கள். விளக்குத் தட்டில் விளக்குக்குப் பக்கத்தில் என் போனை வைத்துக்கொண்டு நடந்தேன். கோஷ்டியில் மற்றவர்களும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பாடியபடி வந்தார்கள். மாதம் முடிவதற்குள் காலனி மேப்பில் எழும்பிவிட்டது. பஜனை கோயில் வந்தது, விளக்குத் தூணுக்குக்கூட ஒரு புள்ளி வந்தது. அன்றைக்கே என் கையாலேயே பழைய ஊரின் வீடுகளை மேப்பிலிருந்து எடுத்தேன். குட்டை மட்டும் சுவருக்கு வெளியே இன்னும் இருக்கிறது. அதை விட்டுவைத்தோம்.

தை பிறந்ததும் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற ஆட்டோக்காரர் எங்கள் வாசலில் வந்து வண்டியை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். முகம் சரியில்லை.

"இன்னா அண்ணே, உங்க ஊருக்கு ஒன்வே போட்டாங்களா?"

ரோட்டிலிருந்து காலனிக்குள் நுழைந்து வலது கைப் பக்கம் திரும்பினால், முனை தாண்டியதும் எங்கள் வீடு. மேப் அவரை இடது கைப் பக்கம் திருப்பி, தெற்குத் தெரு, மேற்குத் தெரு என்று கோயிலை முழுசாகச் சுற்றவைத்து, அப்புறம்தான் கொண்டுவந்து விட்டதாம். போனை வாங்கிப் பார்த்தேன். நாலு தெருவிலும் அம்புக்குறி. எல்லாம் ஒரே பக்கம்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நாங்கள் வலமாகத்தான் நடப்போம். ஒருவர்கூட எதிர்ப்பக்கம் நடந்ததில்லை, பாதியில் திரும்பினதும் இல்லை. அத்தனை கோடும் ஒரே பக்கம் போவதைப் பார்த்து, எங்கேயோ உட்கார்ந்து வரைந்தவர் இது ஒருவழிப் பாதை என்று முடிவுகட்டிவிட்டார்.

என் மனைவி சிரித்த சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "பெருமாள சுத்தாம சிலிண்டரு கூட உள்ள வராது. மாமா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு" என்றாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நைனா நினைவும் தம்பி நினைவும் வந்துவிட்டன.

கடம்பத்தூர் அம்மா வரைந்தவரிடம் பேசினார். அவர் பிடிவாதக்காரர் இல்லையாம், ஆனால் எதிர்ப்பக்கம் யாராவது போன ஒரே ஒரு கோடாவது காட்டுங்கள், மாற்றிவிடுகிறேன் என்றாராம். கோஷ்டியில் கேட்டேன். யாரும் முன்வரவில்லை. மிருதங்கம் வாசிக்கிற பெரியவர், "இடமா சுத்தறது சாவுக்கு நடக்கற நடைப்பா. யாருக்கு நடக்கப்போற?" என்று கேட்டார். அவர் குத்தலாகச் சொல்லவில்லை. உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாத ஒருவனுக்கு அண்ணன் நான். நான் எப்படி இடமாக நடப்பேன்?

நாலைந்து நாள் அப்படியே விட்டுவிட்டேன். மனசுக்குள் ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். இருந்துவிட்டுப் போகட்டும், தம்பி வந்தால் மேப்பே அவனைக் கோயிலை வலம் வரவைத்து வீட்டுக்குக் கொண்டுவரும், நைனாவின் சட்டப்படியே வந்த மாதிரி ஆகும் என்று. இதைச் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். அவள் கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"ஆம்புலன்ஸ்காரன் கூட சுத்திக்கினுதான் வரணுமா? அத உடுங்க. மாமா கடைசியா இன்னா சொன்னாரு? நேரா வரச் சொல்லுன்னுதான சொன்னாரு? நீங்க ரோட்டுல அம்பு போட்டு தம்பிய தடுக்கிறீங்க."

பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தேன். உச்சிவேளை, கோயிலில் திரை போட்டிருந்தது. திரைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டு, பெருமாளே, இது சாவுக்கு நடக்கிற நடை இல்லை, வருகிறவனுக்குப் போடுகிற பாதை, பொறுத்துக்கொள் என்று சொன்னேன். காலனி வாசலுக்குப் போய், போனை ஆன் செய்து, வலது கைப் பக்கம் திரும்பினேன்.

கால் கூசியது. கோயில் இடது கைப் பக்கம் வந்தது எனக்கு என்னமோ சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. வாய் தானாகக் கோவிந்தா கோவிந்தா என்றது. அந்தப் பக்கமிருந்து பார்த்தபோது காலனியே வேறு ஊராகத் தெரிந்தது. தம்பி வந்தால் அவன் கண்ணுக்கு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இந்தக் கதவு, இந்தப் பெயின்ட், இந்த வாசல் எதுவும் அவனுக்குத் தெரியாது. சுற்றி முடித்துத் திரும்பவும் கோயில் முன்னால் வந்தபோது விளக்குத் தூண் நின்றது. சின்ன வயசில் அவன் ஏறி விழுந்து, மேல்விளிம்பு உடைந்த மூளி அப்படியே இருக்கிறது. அவன் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்ளக்கூடியது இங்கே அது ஒன்றுதான். அதைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். யார் பார்த்தார்கள் என்று தெரியாது.

மறுநாள் அம்புக்குறி எடுக்கப்பட்டிருந்தது. மிருதங்கப் பெரியவர் என்னோடு சில நாள் பேசவில்லை. அப்புறம் அவரே வந்து, "உன் தம்பிக்குன்னு சொல்லியிருந்தா நானும் கூட வந்திருப்பேன்பா" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ காலனிகளுக்கு நடந்திருக்கிறேன். அத்திப்பட்டுப் பக்கம்கூடக் கடம்பத்தூர் அம்மாவின் ஆட்களோடு போய்ச் சுவர்க் கறைகளை அளந்தோம். நடக்கும்போது தெருவுக்கு இரண்டு தடவை நடப்பேன், வலமாக ஒன்று, இடமாக ஒன்று. யாருடைய தம்பி எந்தப் பக்கமாக வருவானோ. ராத்திரி படுக்கும் முன் போனில் எங்கள் காலனியைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிட்டு மூடுவேன். விளக்குத் தூணில் சாயங்காலம் விளக்கு ஏற்றுவது இப்போது என் வேலை. ஏற்றும்போது ரோட்டில் லாரி வேகம் குறைத்தால் திரும்பிப் பார்க்கிறேன். அந்தப் பழக்கம் இன்னும் நிற்கவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் எனக்காக ஒன்று செய்ய வேண்டும். கல்கத்தா ரோட்டில் லாரி ஓட்டுகிறவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதைச் சொல்லுங்கள். டீக்கடையில் சொல்லுங்கள், பெட்ரோல் பங்கில் சொல்லுங்கள். சொல்லும்போது உங்கள் பங்குக்கு எதையும் சேர்க்க வேண்டாம், எதையும் விட வேண்டாம். கோடு கொஞ்சம் மாறினாலும் ஆள் வேறு தெருவுக்குப் போய்விடுவான் என்று பார்த்தவன் நான். பஜனை கோயில் அதே பேரில், பழைய ஊருக்கு எதிரே ரோட்டுக்கு மறுபக்கம் இருக்கிறது. காலனிக்குள் நுழைந்ததும் வலது கைப் பக்கம் திரும்பினால் முனை தாண்டி வீடு. சுற்ற வேண்டியதில்லை. நைனா சொன்னது அவர் சொன்னபடியே அவனுக்குப் போய்ச் சேரட்டும்: நேரா ஊட்டுக்கு வரச் சொல்லு, மொதல்ல சாப்டட்டும்.