கீசரைக் கழற்றிய சுவர்

ஆனேக்கல் பஸ் பொம்மனஹள்ளியைத் தாண்டியிருந்தது. டிக்கெட்டுக்குச் சில்லறை தேடிப் பையைத் துழாவினேன். இன்சுலேஷன் டேப் கையில் வந்தது. கொடுத்துவிட்டு வந்திருக்க வேண்டிய டேப்.

அப்போது ஈஜிபுராவில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். எங்கள் கைக்கு மொபைல் வராத காலம். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்த செல்வராஜ் அன்று மாடி வீட்டைக் காலி செய்தார். அவர் சொந்தமாக வாங்கி மாட்டிய கீசரை, மெயினை அணைத்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தேன். சுவரில் இரண்டு போல்ட்டும், பக்கத்தில் தோல் சீவிய ஒயரும் நீட்டிக்கொண்டு நின்றன.

"டேப் சுத்தி, ஓனரம்மாகிட்ட காட்டிடணும் சார்."

"லாரி கெளம்பணும்ணா. டேப்பை வெச்சுட்டுப் போங்க. நானே சுத்தி, சொல்லிட்டுச் சாவி குடுத்துடறேன்."

சரியென்று வந்துவிட்டேன். டேப்பை வைக்க மறந்திருக்கிறேன்.

சாயங்காலமே புதுக் குடித்தனம் பால் காய்ச்ச வருவதாக ஓனரம்மா சொல்லியிருந்தார். பாத்ரூமுக்கு வெளியே ஒரே மாதிரி இரண்டு ஸ்விட்ச். ஒன்று லைட், மற்றது கீசர். தெரியாதவர்கள் மெயினைப் போட்டு, இரண்டையும் தட்டுவார்கள்.

பஸ்ஸை விட்டிறங்கி, பூத்திலிருந்து ஓனரம்மாவுக்கு போன் போட்டேன். ரிங் போனதே தவிர யாரும் எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்தேன். மடிவாளாவில் வண்டிகள் நகரவே இல்லை. அந்த ஒயரில் யார் கையெல்லாமோ படுவது மாதிரியே தோன்றியது.

செருப்போடு மாடியேறினேன். இரண்டு ஸ்விட்சும் ஆனில் இருந்தன. உள்ளே ஒரு பெண், குழந்தையைக் குளிப்பாட்டிய ஈரத்துண்டை அந்த போல்ட்டில் மாட்டக் கையை உயர்த்தியிருந்தார்.

"அம்மா, கைய எடுங்க!" கத்திக்கொண்டே இரண்டையும் அணைத்தேன். இருட்டில் குழந்தை வீறிட்டது.

"ஏனாயித்து?" என்ன ஆயிற்றென்று கேட்டபடி ஓனரம்மா ஓடிவந்தார். ஒயரைக் காட்டினேன். மெயினை அணைத்து டேப் சுற்றினேன்.

மறுநாள் செல்வராஜைத் தேடிப்போய்ச் சொன்னேன்.

"அவசரத்துல மறந்தே போச்சு. சாவி குடுத்ததும் என் பொறுப்பு முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டேண்ணா."

அவரை என்ன சொல்ல? பையைத் தூக்கியதும் என் பொறுப்பு முடிந்ததென்று நானும்தான் நினைத்தேன். இருவருமாகப் போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டோம்.

அதற்கப்புறம், கழற்றிய இடத்தை மூடி, வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டாமல் நான் எந்த வீட்டிலிருந்தும் கிளம்பியதில்லை. காலி செய்கிறவரையும் அதுவரை சாவியைக் கொடுக்க விட்டதில்லை.