இடது தோளில் ஒரு தலை

முதல்முறை வந்தபோது அந்தப் பெண் வியர்வையில் நனைந்திருந்தாள். தொழிற்பேட்டையிலிருந்து விஜயநகரில் உள்ள என் வீட்டுக்கு நடந்தே வந்திருந்தாள். வீட்டின் முன்னறைதான் என் ஆலோசனை அறை. மனநல ஆலோசகராக இருபது வருடங்களாக அங்கேதான் உட்கார்ந்து மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவளிடம் சம்மதம் வாங்கிய பிறகே இதை எழுதுகிறேன்.

கன்னடத்தில்தான் பேச ஆரம்பித்தோம். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை, வயது முப்பத்தைந்து, ஒரு மகள். வேலைக்கு ஆட்களை ஏற்றிப் போன வேன் ஒரு வருடத்துக்கு முன் கவிழ்ந்தது. அதிலிருந்து பஸ், ஆட்டோ எதிலும் ஏற முடியவில்லை. இதையெல்லாம் போலீசுக்கு வாக்குமூலம் கொடுப்பதுபோல் வரிசையாகச் சொன்னாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

படிவத்தில் சொந்த ஊர் கௌதள்ளி என்று எழுதியிருந்தது. தமிழ் பேசுபவர்கள் நிறைய இருக்கும் எல்லையோர ஊர். "வீட்டுல தமிழா பேசுவீங்க?" என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "ஆமாங்க. மேடத்துக்குத் தமிழ் வருமுங்களா?"

"நான் சேலத்துக்காரி."

பிறகு இடது தோளைத் தொட்டுக்கொண்டு, "பக்கத்து சீட்டு அக்கா இங்க தலைய சாச்சுத் தூங்கிட்டு வந்துச்சுங்க. வண்டி கவுந்து நின்ன பொறவும் தல என்ற தோள்லயேதானுங்க இருந்துச்சு. தூங்குதுன்னே நெனச்சனுங்க. ஆளுங்க வந்து தூக்குனப்பதான்…" என்றாள்.

அதன் பிறகு எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் அந்தத் தோள் கனக்கும், மூச்சு அடைக்கும். அதனால்தான் எங்கும் நடை. ஊருக்கும் போகவில்லை.

பயப்பட ஒன்றுமில்லை என்று எடுத்துச் சொல்வதுதான் எங்கள் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படிச் சொன்னால் உடம்பு கேட்பதில்லை. நடந்தது முடிந்துவிட்டது என்பதை அது தானாக உணர வேண்டும். முதல் நான்கு வாரம் நாங்கள் வேனைப் பற்றிப் பேசவே இல்லை. பாதத்தைத் தரையில் அழுத்துவது, கண்ணில் படுவதைச் சொல்வது, மூச்சை நீளமாக வெளியே விடுவது, அவ்வளவுதான். ஐந்தாவது வாரம் ஒரு சின்னத் தலையணையைக் கொடுத்தேன். "தோள்ல வெச்சுப் பாருங்க. எப்ப வைக்கணும், எப்ப எடுக்கணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

இருபது நிமிடம் அதை மடியிலேயே வைத்திருந்தாள். பிறகு தோளில் வைத்தாள். கண்ணீர் வழிந்தது. சட்டென்று எடுத்துக் கீழே போட்டுவிட்டு, "எடுத்துட்டனுங்க" என்றாள், தன்னாலேயே நம்ப முடியாததுபோல.

பிறகு பஸ். ஒரு வாரம் ஸ்டாப்பில் நின்றோம். அடுத்த வாரம் கிளம்பாமல் நின்ற பஸ்ஸில் உட்கார்ந்து இறங்கினோம். மூன்றாவது வாரம் பஸ் நகர்ந்தது. நான் பின் சீட்டில் இருந்தேன்.

"மேடம், கனக்குதுங்க."

"எவ்வளவு?"

"மொதல்ல இருந்ததுல பாதிங்க."

"இறங்கிடலாமா?"

முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். "அடுத்த ஸ்டாப் வரட்டுமுங்க."

அங்கும் அவள் இறங்கவில்லை.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் கணவர் கன்னடக்காரர். அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. கனடாவில் இருக்கும் மகன் கன்னடமும் இங்கிலீஷும் பேசுவான். தமிழில் பேச அம்மா மட்டும்தான் இருந்தார், அதுவும் போனில். அவரும் இறந்த பிறகு என் வாயில் தமிழ் வருவது சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவள் வரும்போது மட்டும் என்றாகிவிட்டது. சனிக்கிழமைகளில் நல்ல புடவையாகத் தேடி எடுப்பதை நானே கவனித்தேன். கவனித்தும் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

ஆறாவது மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு கொள்ளேகாலில் பஸ் மாறி ஊருக்குப் போய்வந்தாள். அதற்குள் என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். "பாப்பா தூக்கத்துல தோள்ல சாஞ்சுருச்சுங்க அக்கா. ரெண்டு தடவ நகத்தி வுட்டனுங்க. அப்பறம் அப்படியே வுட்டுட்டனுங்க. கனமாத்தான் இருந்துச்சு. ஆனா அது பாப்பா கனமுங்க."

இனி வர வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நானோ, "இன்னும் நாலு வாரம் வாங்க, பார்க்கலாம்" என்றேன். "செரிங்க அக்கா" என்று போய்விட்டாள். வாரத்தில் அவளுக்குக் கிடைக்கும் ஒரே அரைநாள் ஓய்வு அது.

அவள் போன பிறகு குறிப்பேட்டைத் திறந்தேன். அந்த நான்கு வாரம் எதற்கு என்று காரணம் எழுத வேண்டும். ஒன்றும் கிடைக்கவில்லை. அவளுக்கு என்ன தேவை என்று எழுதுகிற பக்கம் அது. தேவை எனக்குத்தான் இருந்தது. வெட்கமாக இருந்தது. எழுந்து போய்ச் சமையலறையில் வெறுமனே நின்றேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் வந்து உட்கார்ந்ததும் சொன்னேன். "நாலு வாரம்னு சொன்னது என் தப்பு. அது உங்களுக்குத் தேவையில்லை. நீங்க நல்லா ஆயிட்டீங்க."

"அப்ப வர வேண்டாமுங்களா?"

"மறுபடி கஷ்டம் வந்தா எப்ப வேணும்னாலும் வாங்க."

"கஷ்டம் இல்லீன்னா? சும்மா உங்களப் பார்க்க வரலாமுங்களா?"

எங்கள் தொழிலில் அதற்கு இடமில்லை. ஆலோசகர் தோழி ஆகிவிட்டால், பிறகு கஷ்டம் வரும்போது அவளால் ஆலோசகரிடம் வருவதுபோல் என்னிடம் வர முடியாது. அதை விளக்கினேன். தலையாட்டினாள். வாசல் கேட் அருகே நின்று, "நீங்க தனியாத்தான இருக்கறீங்க அக்கா?" என்று கேட்டாள். "ஆமாம்" என்றேன். அவள் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள்.

சனிக்கிழமையின் அந்த ஒரு மணி நேரத்தை மூன்று வாரம் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. நான்காவது வாரம் சேலத்தில் இருக்கும் சித்தி மகளுக்குப் போன் செய்தேன். பேசி நாலு வருடம் இருக்கும்.

"யாருங்க பேசறது?" என்றாள்.

பெயரைச் சொன்னேன். "நீயா? ஏன், உடம்பு ஏதும் முடியலையா?"

"அதெல்லாம் இல்ல. பேசணும்னு தோணுச்சு."

அடுப்பில் குழம்பு இருக்கிறது, சாயங்காலம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள். சாயங்காலம் கூப்பிடவில்லை. மறுநாள் கூப்பிட்டாள். அரை மணி நேரம் பேசினோம். பெரும்பாலும் அவளுடைய முழங்கால் வலியைப் பற்றித்தான்.